வெளியூர்ப் பசி: வாசகர் கேள்வி பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றி இருந்தன. பெரிய ஊருக்குப் போனால் எங்கே சாப்பிடுவது, கையைக் கடிக்காமல் வாய்க்கு ருசியாகச் சாப்பிட வழி உண்டா என்று கேட்டிருக்கிறார்கள். கோவைக்கு வந்து போகிறவர்களும் எழுதியிருக்கிறார்கள். கொங்கு நாட்டிலிருந்து சென்னைக்கும் பெங்களூருக்கும் மும்பைக்கும் போகிறவர்களும் எழுதியிருக்கிறார்கள். ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: நானும் என் மனைவியும் பணி ஓய்வு பெற்ற ஆசிரியர்கள். கண் மருத்துவமனைக்காகவும், உறவினர் வீட்டு விசேஷங்களுக்குத் துணி எடுப்பதற்காகவும் அடிக்கடி கோவைக்கு வருகிறோம். ஒவ்வொரு முறையும் காந்திபுரத்தில் இறங்கியதும் தெரிந்த பெயர்ப் பலகையைப் பார்த்து நுழைந்து, அதே தோசையையும் அதே காபியையும் முடித்துக்கொண்டு திரும்பிவிடுகிறோம். இவ்வளவு பெரிய ஊரில் வேறு நல்ல கடைகளை எப்படிக் கண்டுபிடிப்பது ஐயா? (ஒரு வாசகர், கோபிசெட்டிபாளையம்)

தெரிந்த பலகையைப் பார்த்து நுழைவதில் தவறு எதுவும் இல்லை. அன்னபூர்ணா ஹோட்டல் சாம்பாருக்காகவே கூடுதலாக இரண்டு இட்லி சொல்கிறவர்களின் கூட்டத்தில் நானும் ஒருவன். ஆனால் தாங்கள் கேட்பது வேறு என்பதால், தாங்கள் இறங்கும் இடத்திலிருந்தே தொடங்குவோம். பேருந்து நிலையம், ரயில் நிலையம், பெரிய மருத்துவமனையின் வாசல், பெரிய ஜவுளிக்கடையின் எதிர்ப்புறம் ஆகிய நான்கு இடங்களிலும் கடை வைத்திருப்பவருக்கு, இன்று வந்த ஆள் நாளைக்கு வரப்போவதில்லை என்பது தெரியும். வாடகையும் அங்கேதான் அதிகம். அந்த வாடகை தோசையின் விலையில் ஏறிக்கொள்ளும். ஆள் திரும்பி வராவிட்டாலும் கடை ஓடும் என்ற தைரியம் தோசையின் தரத்தில் தெரியும். விதிவிலக்குகள் உண்டு. ஆனால் அந்த விதிவிலக்கைத் தேடி அங்கேயே வெயிலில் அலைவதைவிட, டவுன் பஸ்ஸில் இரண்டு நிறுத்தம் தள்ளிப் போய்விடுவது எளிது.

எங்கே போவது என்றால், ஒரே ஆட்கள் அன்றாடம் வெளியில் சாப்பிட்டாக வேண்டிய பகுதிக்குப் போக வேண்டும். அந்தப் பகுதியில் என்ன தொழில் நடக்கிறது என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்தது. கணபதியிலும் பீளமேட்டிலும் பட்டறைகளும் பம்ப், மோட்டார் செய்யும் தொழிற்கூடங்களும் இருக்கின்றன. ராஜ வீதியின் உட்சந்துகளில் நகைப் பட்டறைகள் இருக்கின்றன. ரங்கே கவுடர் வீதியில் மளிகை மொத்த வியாபாரம் நடக்கிறது. ஆட்சியர் அலுவலகமும் நீதிமன்றமும் இருக்கும் பகுதியில் குமாஸ்தாக்களும் மனு எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். இவர்கள் எல்லோருக்கும் மதியச் சாப்பாடு வேண்டும். மாதச் சம்பளத்துக்குள் அடங்க வேண்டும். வாரம் ஆறு நாளும் வயிற்றைக் கெடுக்காமல் இருக்க வேண்டும். இவர்களை நம்பிக் கடை நடத்துகிறவர் ஒரு நாள் பழைய குழம்பை ஊற்றினால், மறுநாள் பத்து பேர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்கள். விலையும் ருசியும் ஒரே இடத்தில் கட்டுக்குள் இருப்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் எதுவும் இல்லை.

அடுத்தது, கேட்கிற விதம். "இங்கே நல்ல ஹோட்டல் எது?" என்று கேட்டால், எதிரில் இருப்பவர் தங்களுடைய வேட்டியையும் அம்மாவின் பட்டுப் புடவையையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, அவற்றுக்குப் பொருத்தமான ஏசி ஹோட்டலின் பெயரைச் சொல்வார். அது மரியாதைக்காகச் சொல்லும் பதில். "நீங்கள் மத்தியானம் எங்கே சாப்பிடுவீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். ஜவுளிக்கடையில் புடவையை மடித்து வைக்கும் பெண்ணிடமும், மருந்துக்கடைக்காரரிடமும், ஆட்டோ ஓட்டுநரிடமும் இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதில் வேறாக இருக்கும். "அது உங்களுக்குச் சரிப்படாதுங்க" என்று முதலில் தயங்குவார்கள். பரவாயில்லை, சொல்லுங்கள் என்று ஒரு முறை வற்புறுத்தினால் போதும்.

கோவையில் பகுதிக்குப் பகுதி சாப்பாடு மாறுவதையும் கவனித்துக்கொள்ளலாம். உக்கடம், கோட்டைமேடு பக்கம் பிரியாணிக்கும் புரோட்டாவுக்கும் பெயர் போனது. உக்கடத்திலிருந்து பாலக்காட்டுக்குப் பேருந்து போகிறதல்லவா, அந்த வழியில் வந்த புட்டும் கடலைக் கறியும் ஆப்பமும் அங்கேயே கிடைக்கும். சுக்கிரவார்பேட்டையிலும் ஆர்.எஸ்.புரத்திலும் வட இந்திய வணிகக் குடும்பங்கள் தலைமுறைகளாக இருப்பதால், காலையில் கச்சோரியும் ஜிலேபியும் போடும் கடைகளைப் பார்க்கலாம். இவற்றில் எதற்கும் காந்திபுரத்திலிருந்து அரை மணி நேரத்துக்கு மேல் ஆகாது.

ஒரு எச்சரிக்கை: இப்படிப்பட்ட கடைகளுக்கு நேரம்தான் முக்கியம். மதியச் சாப்பாட்டுக்கு பன்னிரண்டரை மணிக்கே உட்கார்ந்துவிடுங்கள். பொரியல் அப்போதுதான் இறங்கியிருக்கும்; ரசம் தெளிவாக இருக்கும். இரண்டரை மணிக்குப் போய்விட்டு, சோறு ஆறிப்போய்விட்டது என்று குறைப்பட்டுக்கொள்வதில் அர்த்தம் இல்லை. மூன்று மணிக்கு "சாப்பாடு முடிந்தது" என்று பலகையைத் திருப்பிப் போடும் கடை அளவாகச் சமைக்கும் கடை. அந்தப் பலகையைப் பார்த்தால் ஏமாற்றம் அடையாமல், கடையைக் குறித்துவைத்துக்கொண்டு அடுத்த முறை சீக்கிரம் போங்கள்.

கேள்வி: கோவையில் ஒரு மெஸ்ஸில் அளவில்லாச் சாப்பாடு என்று பலகையில் போட்டிருந்த விலையை நம்பி மூன்று பேர் சாப்பிட்டோம். பில் அதைப் போல இரண்டரை மடங்கு வந்தது. கேட்டபோது "தட்டில் எடுத்தது தனி" என்றார்கள். இது முறையா? மேலும், ஏசி அறையில் உட்கார்ந்தால் வரி கூடுதலா? (ஒரு வாசகர், பரமத்தி வேலூர்)

முறைதான், ஆனால் முதல் தடவை போகிறவருக்கு அது தெரிய நியாயம் இல்லை. நடப்பது இப்படி: இலையைப் போட்டு, தண்ணீர் தெளித்து, சோறும் இரண்டு கூட்டுப் பொரியலும் வைப்பார்கள். கோழிக் குழம்பும், ஆட்டுக்கறிக் குழம்பும், மீன் குழம்பும் வாளியில் வரிசையாக வரும். கேட்கக் கேட்க ஊற்றுவார்கள். பிறகு ரசம், மோர். இவ்வளவும் பலகையில் போட்ட விலைக்குள் அடங்கும். குழம்பு இலையில் பரவும் அந்த நேரம் பார்த்து, ஒருவர் பெரிய தாம்பாளத்தில் சின்னச் சின்னத் தட்டுகளை அடுக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் நிற்பார். சுக்கா, ஈரல், குடல், தலைக்கறி, வறுத்த மீன் என்று எல்லாம் ஆவி பறக்க இருக்கும். அவர் விலை சொல்ல மாட்டார். நாமும் பசியில் கேட்க மாட்டோம். ஆளுக்கு இரண்டு தட்டை இறக்கிவிட்டால் பில் அங்கேதான் ஏறுகிறது. தட்டு இலைக்கு இறங்குவதற்கு முன் "இது எவ்வளவுங்க?" என்று கேட்டுவிடுவதில் வெட்கம் எதுவும் இல்லை. மூன்று பேருக்கு இரண்டு தட்டை நடுவில் வைத்துப் பகிர்ந்துகொள்வதே போதுமானது. இத்தகைய கடைகளின் பெருமை குழம்பில்தான் இருக்கிறது; அந்தக் குழம்பு இலவசமாக வந்துகொண்டே இருக்கிறது.

வரியைப் பற்றி: 2017 நவம்பர் 15 முதல், சாதாரண உணவகங்களில் ஏசி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். ஏசி அறையில் பில் கூடுகிறதென்றால், கூடுவது பொருளின் விலையே தவிர வரி அல்ல; பல கடைகளில் ஏசி அறைக்கு விலைப்பட்டியலே தனியாக இருக்கும். ஒரு நாள் அறை வாடகையாக 7,500 ரூபாய்க்கு மேல் வாங்கும் பெரிய ஹோட்டல்களுக்குள் இருக்கும் உணவகங்களில் மட்டும் 18 சதவீதம் வரும். இணக்கமுறை எனப்படும் காம்போசிஷன் திட்டத்தில் பதிவு செய்துள்ள சிறிய கடைகள் வாடிக்கையாளரிடம் தனியாக வரி வசூலிக்கக் கூடாது. பில்லில் ஜிஎஸ்டி எண்ணே இல்லாமல் வரி மட்டும் போட்டிருந்தால் தாராளமாகக் கேளுங்கள்.

பெரிய ஊர்களில் இன்னொன்றும் வரும். பில்லின் அடியில் "சர்வீஸ் சார்ஜ்" என்று ஒரு தொகை சேர்ந்திருக்கும். இது அரசாங்கத்துக்குப் போகும் வரி அல்ல. உணவகங்கள் இதைத் தாமாகவே பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அவற்றை உறுதி செய்தது. எடுத்துவிடச் சொல்லலாம், மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். தண்ணீர் பாட்டில் விஷயத்தில் மட்டும் சண்டைக்குப் போக வேண்டாம். உணவகத்துக்குள் உட்காரவைத்துப் பரிமாறும்போது அச்சிட்ட விலைக்கு மேல் வாங்குவது குற்றமாகாது என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. உட்கார்ந்ததும் "சாதாத் தண்ணீர் போதும்" என்று சொல்லிவிடுங்கள்.

கேள்வி: சென்னையிலிருந்து என் மருமகளின் பெற்றோர் முதல் முறையாக வருகிறார்கள். இரண்டு நாள் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. மூன்றாம் நாள் வெளியில் கூட்டிப் போக வேண்டும். கொங்கு நாட்டுச் சாப்பாடு என்று எதைக் காட்டுவது, எங்கே காட்டுவது? ஹோட்டல்களில் எங்கே பார்த்தாலும் பன்னீர் பட்டர் மசாலாதான் இருக்கிறது. (ஒரு வாசகி, பெருந்துறை)

அம்மா, தங்களுடைய வருத்தம் நியாயமானது. ஆனால் அதற்கான காரணமும் நம் வீட்டு அடுப்படியில்தான் இருக்கிறது. அரிசிம்பருப்பு சாதத்தைக் காசு கொடுத்து வாங்கிச் சாப்பிட வேண்டும் என்று நம்மவர்களில் எத்தனை பேருக்குத் தோன்றும்? வீட்டில் ஆள் இல்லாத அன்று, மழை பெய்த அன்று, ஊருக்குப் போய்விட்டு வந்து அலுப்பாக இருந்த அன்று, துவரம் பருப்பையும் அரிசியையும் சின்ன வெங்காயம், பூண்டு, சீரகத்தோடு ஒரே பாத்திரத்தில் போட்டு இறக்கிவிட்டு நெய்யை ஊற்றிச் சாப்பிடுவதுதான் அது. கொள்ளுப் பருப்பும், செலவு ரசமும், பச்சைப்புளி ரசமும், ராகிக் களியும் அப்படித்தான். விற்பனைக்கு என்று வரும்போது கூச்சப்பட்டு உள்ளேயே நின்றுவிட்ட உணவுகள் இவை. ஆகவே இவற்றைத் தாங்கள் வீட்டிலேயே போட்டுவிடுங்கள். சம்பந்திகளுக்கு விருந்து என்றால் பிரிஞ்சியும் குருமாவும்தான் என்று நினைத்துவிட வேண்டாம். சென்னைக்காரர்களுக்கு அது அங்கேயே கிடைக்கும். வீட்டில் சந்தகை, அதாவது சேவை பிழியும் அச்சு இருந்தால் காலைப் பலகாரத்துக்கு அதை எடுங்கள். எலுமிச்சைச் சந்தகை, தேங்காய்ச் சந்தகை, கடைசியில் தேங்காய்ப் பால் ஊற்றி இனிப்பாகக் கொஞ்சம் என்று பரிமாறினால் பன்னீர் பட்டர் மசாலாவின் நினைவே வராது.

வெளியில் காட்ட வேண்டியவை வேறு. தாங்கள் இருப்பது பெருந்துறை, ஈரோடு பக்கம்தான். ஈரோட்டுக்கு எதிரே, காவிரிக்கு அக்கரையில் இருக்கும் பள்ளிபாளையத்தின் பெயரில்தான் "பள்ளிபாளையம் சிக்கன்" என்ற கோழிக்கறி ஊர் ஊராகப் போயிருக்கிறது. சென்னையில் அதே பெயரில் சிவப்புச் சாயத்தோடும் கெட்டி மசாலாவோடும் எதையோ தருவதை அவர்கள் சாப்பிட்டிருப்பார்கள். சரியாகச் செய்தது எப்படி இருக்கும் என்பதை இங்கே காட்டலாம். கறி சின்னத் துண்டுகளாக இருக்கும். விதை உதிர்த்த வரமிளகாய் கிள்ளிப் போட்டது கண்ணுக்குத் தெரியும். சின்ன வெங்காயம் எண்ணெயில் சுருண்டிருக்கும். மெல்லிய தேங்காய்ப் பல் அங்கங்கே பல்லில் படும். மசாலாப் பொடியின் வாசனை மூக்கில் ஏறினால் அது வேறு ஏதோ. ஈரோட்டில் மெஸ்ஸாகத் தொடங்கி இன்று பல ஊர்களில் கிளை விட்டிருக்கும் ஜூனியர் குப்பண்ணாவைப் போன்ற பெயர்கள் அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். அதனால், முதலில் அங்கே போகாமல், பஜாருக்குள் இருக்கும் சிறிய மெஸ் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். திங்கள் இரவிலிருந்து செவ்வாய் வரை ஈரோட்டில் ஜவுளிச் சந்தை கூடுகிறது. வெளியூர் வியாபாரிகள் வந்து குவியும் அந்த நாட்களில் பஜார்க் கடைகளில் அடுப்பு அணைவதே இல்லை. கூட்டத்தைப் பொறுத்துக்கொள்ள முடியுமானால் அன்று போங்கள். வயதானவர்கள் என்றால் புதன்கிழமை நல்லது.

சைவம் என்றால் மாலையில் கோவைக்குக் கூட்டிப் போய்க் காளான் வாங்கிக் கொடுங்கள். தள்ளுவண்டியில் அகலமான கல் இருக்கும். காளானும் முட்டைக்கோசும் மாவில் பிசைந்து பொரித்தது ஓரத்தில் குவிந்திருக்கும். கேட்டதும் ஒரு கைப்பிடியை நடுவில் இழுத்து, கரண்டியால் கொத்தி, குழம்பு ஊற்றிக் கொதிக்கவிட்டு, மேலே பச்சை வெங்காயமும் கொத்தமல்லியும் தூவித் தட்டில் தள்ளுவார்கள். அதில் காளானைவிட முட்டைக்கோசுதான் அதிகம் என்பதைச் சம்பந்திகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. அப்படி இருந்தும் கோவையில் மாலையானால் அந்த வண்டிகளைச் சுற்றி இடம் கிடைப்பதில்லை. வழியில் கல்லிலிருந்து எடுத்த சூட்டோடு ஒப்புட்டு (போளி) விற்கும் கடை கண்ணில் பட்டால் நிறுத்துங்கள். ஊருக்குக் கட்டிக் கொடுக்க மைசூர்பா வேண்டுமென்றால் 1948இல் கோவையில் தொடங்கிய ஸ்ரீ கிருஷ்ணா ஸ்வீட்ஸ் இருக்கிறது. ஆனால் அது சென்னையிலும் இருப்பதால், அதைவிட ஊத்துக்குளி நெய் ஒரு டப்பா கொடுத்தனுப்புவது மேல்.

கேள்வி: செல்போனில் நாலரை நட்சத்திரம் என்று பார்த்துக் குடும்பத்தோடு போன கடையில் ஒரு மணி நேரம் காத்திருந்து, சுமாரான சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு வந்தோம். இந்த மதிப்பீடுகளை நம்பலாமா? (ஒரு வாசகர், திருப்பூர்)

நட்சத்திரத்தை நம்ப வேண்டாம், படங்களை நம்புங்கள். பரிசுக் கூப்பனுக்காக ஐந்து நட்சத்திரம் போட்டவரும், கோபத்தில் ஒன்று போட்டவரும் அந்தச் சராசரியில் கலந்திருக்கிறார்கள். நான் பார்ப்பது, சாப்பிட வந்தவர்கள் எடுத்துப் போட்ட படங்களில் விலைப்பலகை இருக்கிறதா என்பதை. அது கிடைத்துவிட்டால், எத்தனை வகை செய்கிறார்கள், என்ன விலை என்ற இரண்டும் ஒரே பார்வையில் தெரிந்துவிடும். ஒரே சமையலறையில் பிரைடு ரைஸும், நெய் ரோஸ்ட்டும், தந்தூரியும், அரபு மந்திச் சோறும் செய்கிறோம் என்று பலகை சொன்னால் நான் அடுத்த கடையைப் பார்க்கப் போய்விடுவேன். கருத்துகளில் மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்கள் எழுதியதைப் படியுங்கள். அவர்களுக்குத்தான் சொல்வதற்கு விஷயம் இருக்கும். "பிரியாணி நன்று, ஒரு மணிக்கு மேல் போனால் கறி இருக்காது" என்பது போன்ற பயனுள்ள வரிகள் அங்கேதான் அகப்படும். மிகச் சமீபத்தியவற்றை மேலே வரும்படி வரிசைப்படுத்திக்கொள்ளுங்கள். மாஸ்டர் மாறினால் கடையும் மாறிவிடும்.

வீட்டுக்குக் கொண்டுவந்து தரும் செயலிகளில் இருக்கும் விலையைப் பார்த்து ஒரு கடையை விலை அதிகம் என்று ஒதுக்கிவிடவும் வேண்டாம். செயலிக்குக் கொடுக்க வேண்டிய கமிஷனுக்காகப் பல கடைகள் அங்கே விலையைக் கூட்டி வைத்திருக்கின்றன. நேரில் போனால் குறைவாகவே இருக்கும்.

கேள்வி: பெங்களூரில் ஒரு மாதப் பயிற்சிக்குப் போகிறேன் அண்ணா. தங்குவதற்கு நண்பன் அறை இருக்கிறது. சாப்பாட்டுக்கு ஒரு நாளைக்கு இருநூற்றைம்பது ரூபாய்தான் ஒதுக்க முடியும். போதுமா? (ஒரு கல்லூரி மாணவர், தாராபுரம்)

உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்ற எண்ணத்தை விட்டுவிட்டால் போதும், தம்பி. அந்த ஊரில் "தர்ஷினி" என்று ஒரு வகைக் கடை தெருவுக்குத் தெரு இருக்கிறது. முதலில் பணம் கட்டிச் சீட்டு வாங்கி, அதைக் கொடுத்துத் தட்டை வாங்கி, உயரமான மேசையில் வைத்து நின்றுகொண்டே சாப்பிட வேண்டும். பரிமாற ஆள் வேண்டாம், நாற்காலிக்கு இடம் வேண்டாம் என்பதால் விலை குறைகிறது. தட்டுகள் வேகமாக நகர்வதால் இட்லி எப்போதும் சூடாக இருக்கிறது. சாம்பாரில் வெல்லம் போட்டிருப்பார்கள். முதல் நாள் முகம் சுளிப்பாய். பிடிக்காவிட்டால் சட்னி மட்டும் கேட்டு வாங்கிக்கொள். சங்கரபுரத்தில் 1965 முதல் இருக்கும் பிராமின்ஸ் காபி பார் சாம்பாரே வைப்பதில்லை. இட்லி, வடை, சட்னி என்று கைவிரலில் எண்ணிவிடக்கூடிய பண்டங்களை வைத்துக்கொண்டே இத்தனை காலம் நடத்தியிருக்கிறார்கள். காந்தி பஜாரில் 1943இல் தொடங்கிய வித்யார்த்தி பவனின் மசாலா தோசையை ஒரு நாளாவது சாப்பிடு. வெள்ளிக்கிழமை விடுமுறை, ஞாயிறு காலை கூட்டம் தாங்காது. இரண்டையும் தவிர்த்து வேலை நாளில் போ.

அசைவம் வேண்டுமென்றால் "மிலிட்டரி ஹோட்டல்" என்ற பலகையைத் தேடு. அங்கே ராகி முத்தே கிடைக்கும். நம் ராகிக் களிதான். உருண்டையைக் கிள்ளிக் கறிக் குழம்பில் தோய்த்து மெல்லாமல் விழுங்க வேண்டும் என்பதும் நம் பாட்டிகள் சொன்னதுதான். மாதக் கடைசியில் பணம் இறுகினால் இந்திரா கேண்டீன் இருக்கிறது. 2017இல் தொடங்கியபோது காலை உணவு 5 ரூபாய், மதியமும் இரவும் 10 ரூபாய் என்று வைத்தார்கள். நம் ஊர் அம்மா உணவகத்தில் ஒரு ரூபாய் இட்லியும் ஐந்து ரூபாய் சாம்பார் சாதமும் சாப்பிட்டுப் பழகியவனுக்கு அது புதிதாக இருக்காது.

கேள்வி: நான் வீட்டு ஜவுளி ஏற்றுமதித் தொழிலில் இருக்கிறேன். மும்பைக்கும் டெல்லிக்கும் போக வேண்டியிருக்கிறது. சுத்த சைவம். ஹோட்டல் அறையிலேயே சாப்பிட்டுச் சலித்துவிட்டது, பில்லும் கட்டுப்படியாகவில்லை. (ஒரு வாசகர், கரூர்)

மும்பையில் சைவத்துக்குப் பஞ்சமே இல்லை. பஞ்சாலைத் தொழிலாளர்களுக்குச் சோறு போடுவதற்காகவே "கானாவல்" என்னும் சாப்பாட்டுக் கடைகள் பெருகிய ஊர் அது. தாங்கள் தொழில் நிமித்தம் போகும் மங்கள்தாஸ் சந்தையை ஒட்டியே கல்பாதேவி இருக்கிறது. குஜராத்தி வியாபாரிகள் மதியம் தட்டில் அளவில்லாமல் சாப்பிடும் போஜனாலயங்கள் அங்கே உண்டு. விலை சற்றுக் கூடுதல்தான், ஆனால் அன்றிரவு பட்டினி கிடந்தாலும் தெரியாது. நம் ருசி வேண்டுமென்றால் மாட்டுங்காவில் இறங்குங்கள். ரயில் நிலையத்தை ஒட்டி 1942 முதல் நடக்கும் ராமா நாயக்கின் உடுப்பி கிருஷ்ணா போர்டிங்கில் வாழையிலைச் சாப்பாடு கிடைக்கும். காலைப் பலகாரத்துக்கு கஃபே மெட்ராஸ், ராம் ஆஸ்ரயா என்று அடுத்தடுத்து இருக்கின்றன. போவதற்கு முன் வார விடுமுறை என்றைக்கு என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

டெல்லியில் மாநில அரசுகளின் விருந்தினர் இல்லங்களான பவன்களின் உணவகங்களை நாடுங்கள். ஒவ்வொரு மாநிலத்து அதிகாரிகளும் ஊழியர்களும் தங்கள் ஊர்ச் சாப்பாட்டை மறக்காமல் இருப்பதற்காக நடக்கும் இடங்கள் இவை. இவற்றில் பல பொதுமக்களையும் அனுமதிக்கின்றன. அசோகா சாலையில் இருக்கும் ஆந்திர பவனின் சாப்பாடு தலைநகர் முழுக்கப் பிரசித்தம். பருப்புப் பொடியும் கோங்குரா எனும் புளிச்சக்கீரையும் நம் நாக்குக்கு அந்நியமல்ல. வரிசை நீளமாகத்தான் இருக்கும். தனி ஆளாகப் போனால், காலியான ஒற்றை நாற்காலிக்கு முன்னால் கூப்பிட்டுவிடுவார்கள்.

கேள்வி: தனியாகப் பயணம் செய்யும் பெண் நான். மெஸ், சிறிய கடை என்று எழுதுகிறீர்கள். அங்கெல்லாம் ஆண்கள்தான் நிறைந்திருக்கிறார்கள். (ஒரு வாசகி, பொள்ளாச்சி)

உண்மைதான், பட்டறைப் பகுதி மெஸ்ஸில் பன்னிரண்டரை மணிக்குப் பெண்கள் அதிகம் இருக்க மாட்டார்கள். ஆனால் அன்றாடம் வெளியில் சாப்பிடும் பெண்கள் எங்கே இருக்கிறார்கள் என்று பாருங்கள். பணிபுரியும் மகளிர் விடுதிகள், நர்சிங் கல்லூரிகள், வங்கிகள், பின்னலாடை நிறுவனங்களின் அலுவலகங்கள் இருக்கும் பகுதிகளில் பெண்கள் நடத்தும் சிறிய உணவகங்கள் உண்டு. கோவையில் மகளிர் கல்லூரிகளை ஒட்டிய தெருக்களில் மாலையில் விலையும் நயமாக இருக்கும், கூட்டமும் பெண்கள் கூட்டமாகவே இருக்கும். இரவு எட்டு மணிக்கு மேல் என்றால் புதிய கடையைச் சோதித்துப் பார்ப்பதைவிட, வெளிச்சமான சாலையில் இருக்கும் பெரிய சைவ உணவகத்துக்கே போங்கள். சுவாரசியமான கடையை மறுநாள் காலைக்கு வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: வழக்கு விஷயமாகச் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போகிறேன். வேலை மாலை ஐந்து மணிக்கு முடிந்துவிடும். சேரன் எக்ஸ்பிரஸுக்கு இரவுதான் போக வேண்டும். இடையில் எங்கே சாப்பிடலாம்? (ஒரு வாசகர், சத்தியமங்கலம்)

சாப்பாட்டுக்கு அதைவிட நல்ல இடத்தில் வழக்கு போட்டிருக்க முடியாது. நீதிமன்றத்தின் பக்கத்திலேயே சவுகார்பேட்டை தொடங்குகிறது. மின்ட் தெருவில் மாலை நேரத்தில் கச்சோரியும் சாட் வகைகளும் பாலில் செய்த இனிப்புகளும் வரிசையாக இருக்கும். நடக்க இடம் இருக்காது, பையைப் பத்திரமாகப் பிடித்துக்கொள்ளுங்கள். அல்லது பேருந்து பிடித்துத் திருவல்லிக்கேணிக்குப் போகலாம். மேன்ஷன்களில் தங்கியிருக்கும் தனிக்கட்டைகளுக்காகவே அங்கே மெஸ்கள் ஏராளமாக இருக்கின்றன; 1948 முதல் இருக்கும் ரத்னா கஃபேயில் இட்லி மூழ்கும்படி சாம்பார் ஊற்றுவார்கள்.

தங்களுக்கு நான் சொல்வது கடற்கரை ரயில் நிலையத்தின் எதிர்ப்புறத் தெருக்களை. 1960களில் பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்கள் கொண்டுவந்த அத்தோவை அங்கே வண்டிகளில் விற்கிறார்கள். நூடுல்ஸில் முட்டைக்கோசு, வெங்காயம், புளித்தண்ணீர், வறுத்த பூண்டு, மிளகாய்த்தூள், நொறுக்கிய தட்டை ஆகியவற்றைப் போட்டுக் கையாலேயே பிசைந்து கொடுப்பார்கள்; கூடவே வாழைத்தண்டு போட்ட சூடான சூப்பும் உண்டு. காரம் குறைவாக வேண்டுமென்றால் பிசைவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். ரயிலில் சாப்பிடலாம் என்று அத்தோவைப் பார்சல் கட்டிக்கொள்ள வேண்டாம். சென்ட்ரல் போய்ச் சேர்வதற்குள் தட்டை ஊறி எல்லாம் கூழாகிவிடும். அதை அங்கேயே நின்று சாப்பிட்டுவிட்டு, ரயிலுக்குத் தயிர்ச்சாதம் வாங்கிக்கொள்ளுங்கள்.